ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகத் தெரியாதவள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். எங்கள் மில்லில் வேலை பார்க்கிறவர்களில் பலர் அந்தப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். மம்சாபுரத்திலிருந்து வருகிற ஒருத்தி, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிவிடுவேன் என்பாள். எனக்கு நாற்பது வயது வரைக்கும் அந்த அரை மணி நேரத்தைக் கடக்கத் தெரியவில்லை.

நான் நூல் மில்லில் டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். ஓடுகிற நூலில் கொஞ்சம் எடுத்து அது எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று மெஷினில் பார்த்து எழுதுகிற வேலை. வீட்டிலிருந்து மில்லுக்கு நடந்தால் பதினேழு நிமிடம். பதினெட்டு வருடமாக ஒரே வழி. ஒருமுறை அந்த வழியில் ஒரு தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டார்கள். அந்த இரண்டு வாரமும் காலையில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். வயிற்றுக் கோளாறு என்று அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

மில்லுக்குள் அவ்வளவு இரைச்சலில் இருக்கிறவளுக்கு பஸ் சத்தம் என்ன செய்யும் என்று அம்மா கேட்பாள். அவளுக்கு அதை விளக்க எனக்கு வார்த்தை கிடைத்ததில்லை. மில்லுக்குள் இருப்பது ஒரே சத்தம். காலையில் எப்படியோ சாயங்காலமும் அப்படியே. அதற்குள் உட்கார்ந்துகொள்ளலாம். பஸ்ஸில் அப்படி இல்லை. ஹாரன், விசில், யாரோ ஒருவர் போனில் ஓடுகிற படம், கம்பியில் உரசும் வளையல், எல்லாம் தனித்தனியாக வந்து விழும். அதையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கே நிற்கும், யார் பக்கத்தில் உட்காருவார், இறங்கும்போது வழி கிடைக்குமா என்று தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியாதது. நாளை பஸ்ஸில் போகவேண்டும் என்றால் இன்று காலையிலிருந்தே அந்தப் பயணம் என் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒவ்வொரு விதமாகக் கெட்டுப்போகும்.

எனக்கு ஒரே தங்கை. அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முதல் பிரசவத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. மூன்று மாதம் எங்களோடு இருந்தது. தொட்டிலில் போட்டால் அழும். என் மடியில் போட்டு ஒரே தாளத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் அழாது. இந்த வீட்டில் அதை என்னளவுக்கு வைத்துக்கொள்ள யாருக்கும் தெரியவில்லை என்று தங்கையே சொல்வாள்.

மூன்றாம் மாத முடிவில் குழந்தையை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அன்றைக்கே அங்கே பெயர் வைக்கிற விசேஷம். தங்கையும் குழந்தையும் முன்னால் காரில் போய்விட்டார்கள். நாங்கள் சொந்தக்காரர்கள் இருபது பேர் ஒரு வேனில் ஏறினோம். புதுப் பட்டுப்புடவை கழுத்தோரம் அறுத்தது. வேன் கிளம்பியதும் பாட்டுப் போட்டார்கள். ஸ்பீக்கர் என் தலைக்கு மேலே இருந்தது. பஞ்சு மார்க்கெட் தாண்டும்போது குறைக்கச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. ஊரைத் தாண்டி வயல் வந்த பிறகு என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே என்னுடையதாகத் தெரியவில்லை. வேனை நிறுத்தினார்கள். நான் இறங்கினேன். மறுபடி ஏறச் சொன்னார்கள். என் கால் ஏறவில்லை. நல்ல நேரம் தப்பிவிடும் என்று ஒருவர் சொன்னார். அம்மாவின் கையில் சீர்த்தட்டு இருந்தது. என்னைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் குறையில்லை. யாராவது ஒருத்தர் அங்கே போய்த்தானே ஆகவேண்டும்.

நான் பட்டுப்புடவையோடு ரோட்டோரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடக்க நடக்க மூச்சு சரியாகிவிட்டது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி, தொட்டில் கட்டியிருந்த இடத்துக்குக் கீழே படுத்துக்கொண்டேன்.

விசேஷ வீட்டில் என்ன பேசினார்கள் என்பது மெல்ல மெல்லத்தான் என் காதுக்கு வந்தது. அத்தை ஒருத்தி, கல்யாணம் ஆகாமல் இருக்கிறவளுக்குத் தங்கச்சி பிள்ளையைப் பார்த்து வயிற்றெரிச்சல், அதுதான் பாதி வழியில் இறங்கிவிட்டாள் என்று பந்தியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். தங்கை அதை நம்பினாளா என்று நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்குத் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் வந்தாள். வரும்போது குழந்தையைக் கூட்டிவர மாட்டாள். பிள்ளைக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, மாமியாரிடம் விட்டு வந்தேன் என்பாள். என் கண் படக்கூடாது என்றுதான் கூட்டிவரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏழு வருடம் இப்படிப் போனது. நான் இறங்கிய காரணத்தை அவள் கேட்கவில்லை, அவள் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை. இரண்டும் ஒரே காரணம்தான் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

அதற்குள் அம்மா போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, வீட்டில் நான் பேசினால்தான் பேச்சு என்று ஆனது. மில்லிலும் எனக்குப் பேசவேண்டிய தேவை அதிகம் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் பால்காரரிடம் ‘அரை லிட்டர்’ என்று சொல்வதுதான் அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தையாக இருக்கும்.

அம்மா போன மறு வருடம் தங்கை போன் செய்தாள். விசேஷ நாள் எதுவும் இல்லை. எடுத்ததும் அவள் அழுகிற மாதிரி இருந்தது.

“அக்கா, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கிடாத. அன்னைக்கு வேன்ல இருந்து நீ எதுக்கு எறங்குன?”

ஏழு வருடத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் காரணம் முன்பே தெரிந்திருந்தது. “பாட்டு. தலைக்கு மேல ஸ்பீக்கரு. பொறவு, வேன் எங்க எங்க நிக்கும்னு யாரும் சொல்லல” என்றேன்.

அவள் போனோடு எழுந்து போய் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். “என் மகளும் அப்படித்தான் எறங்குதா, அக்கா.”

பள்ளிக்கூடத்தில் சொல்லி, குழந்தையை மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே தங்கையிடம் ஒரு நீளமான கேள்வித்தாளைக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் தாங்குமா, துணி உறுத்தும் என்று சொல்லுமா, வழி மாறினால் அழுமா, இப்படிப் பக்கம் பக்கமாக. மகளை நினைத்து எழுத ஆரம்பித்தவளுக்குப் பாதிக்கு மேல் என்னுடைய முகம்தான் வந்ததாம். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எனக்கு போனில் வாசித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்தை சொன்னதைப் பற்றி இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

மதுரையில் குழந்தையைப் பார்த்த டாக்டர் அம்மையார் என்னிடமும் பேசச் சம்மதித்தார். நான் மதுரைக்குப் போகமுடியாது என்பதால் வீடியோவில் மூன்று முறை பேசினார். எனக்கும் அதுதான் என்றார். நாற்பது வயதில் தெரிந்ததில் நிம்மதியா என்று கேட்டார். எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தவள், காரணம் தெரியாமலேயே போய்விட்டாள்.

பயணத்தை ஒரே மூச்சில் செய்யவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை என்று அந்த அம்மையார் சொன்னார். துண்டு துண்டாக்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு துண்டும் பழகி அலுத்துப்போகட்டும், பிறகு அடுத்தது. எந்த இடத்திலும் திரும்பி வரலாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் ஒரு நோட்டு வாங்கினேன்.

முதல் ஞாயிறு காலையில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு மில்லில் கொடுக்கிற காதடைப்பானை வாங்கி மாட்டிக்கொண்டு போயிருந்தேன். நான்கு ஞாயிறு இப்படியே. ஐந்தாவது ஞாயிறு, கிளம்பாமல் நின்றிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வந்து இன்ஜினைப் போட்டதும் இறங்கிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் அந்த பஸ்ஸின் கண்டக்டர் படிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர்.

“ஏம்மா, வாரா வாரம் ஏறுதீக, எறங்குதீக. யாரையும் தேடுதீகளா?”

“இல்ல. பழகுறேன்.”

“எதுக்கு?”

“பஸ்ஸுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. என் காதில் இருந்த அடைப்பானைப் பார்த்தார். என்ன செய்தால் சௌகரியமாக இருக்கும் என்று கேட்டார். அதற்கு முன் என்னிடம் அதையும் யாரும் கேட்டதில்லை. ஜன்னலோரம், வாசலுக்குப் பக்கத்தில், இறங்கவேண்டும் என்றால் உடனே இறங்கணும் என்றேன்.

“செத்த நேரம் முன்னாடியே வந்துருங்க. இந்த சீட்டு ஒங்களுக்கு. எங்க எறங்கணும்னாலும் கையத் தூக்குங்க, விசில் அடிச்சிருதேன். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்.”

அன்றைக்கு முதல் நிறுத்தம் வரை போய் இறங்கி நடந்து வந்தேன். பிறகு இரண்டாவது நிறுத்தம். பெண்களுக்கு அந்த பஸ்ஸில் காசு கிடையாது. டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு டிக்கெட்டையும் நோட்டில் ஒட்டி, அதன் பக்கத்தில் அந்தத் துண்டில் என்ன என்ன வருகிறது என்று எழுதினேன். இங்கே ஹாரன் அதிகம். இங்கே பள்ளம், உடம்பு தூக்கிப்போடும், பயப்பட ஒன்றுமில்லை. இங்கே மல்லிகைப்பூக் கூடைகள் ஏறும், மணம் தாங்காது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். போகும்போது மலை இடது பக்கம். காலை வெயில் வலது பக்கம். அதனால் காலையில் என் சீட்டில் நிழல் இருக்கும்.

எல்லா வாரமும் முன்னேறவில்லை. ஒரு ஞாயிறு அந்தக் கண்டக்டர் இல்லை, வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதியவர் என்னைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். நான் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று ஞாயிறு பஸ் ஸ்டாண்டு பக்கமே போகவில்லை. மறுபடி போனபோது ஆரம்பத்திலிருந்து நிற்கவேண்டி வந்தது. பழைய கண்டக்டரிடம் நன்றி சொல்ல முடியாமல் போய்விட்டது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மடவார்வளாகம் கோயில் கோபுரத்தைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கிய அன்று, கிளம்பிய நாளிலிருந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தங்கையிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வராமல் போனால் இன்னொரு முறை வேனிலிருந்து இறங்கிய மாதிரி ஆகிவிடும். அவள் அனுப்பியிருந்த விலாசத்தை இரண்டு பேரிடம் கேட்டு நடந்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

“யாரு கூட வந்த?”

“பஸ்ல வந்தேன்.”

அவள் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். பாதியில் நின்று கையைக் கீழே போட்டாள். எனக்கு அது பிடிக்காது என்று அந்தக் கேள்விகளை வாசித்தபோது தெரிந்துகொண்டிருந்தாள். சில நாள் நினைத்துக்கொள்வேன், அன்றைக்கு அவள் நிற்காமல் கட்டிப்பிடித்திருக்கலாம் என்று.

குழந்தை பின்கட்டில் இருந்தாள். துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதுக்கு நல்ல உயரம். என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு என்று தங்கை சொன்னதும் முகத்தைச் சுருக்கினாள். விடு என்றேன். நானும் போய் மெஷினின் மறுபக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்த நடுக்கம் முதுகுவழியாக உடம்பெல்லாம் பரவியது. ஒரே சத்தம். இரண்டு பேரும் அது நிற்கிற வரை உட்கார்ந்திருந்தோம். நின்றதும் அவள் எழுந்து போய்விட்டாள். அம்மா போனதற்குப் பிறகு ஒருவர் பக்கத்தில் நான் அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான்.

அவளைப் பயிற்சிக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அழுகை, கடி, வாந்தி. தங்கையின் கையில் பல் தடம் இருந்தது. நான் என் நோட்டைக் காட்டினேன். அதே மாதிரி குழந்தைக்கு ஒரு தாள் செய்யலாம் என்றேன். முதலில் ராஜபாளையம் வருகிற தாள். ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் எடுத்து, வரிசையாக ஒட்டி, கீழே ஒரே ஒரு வரி எழுதினேன். பஸ்ஸின் சத்தங்களையும் பதிவு செய்து அனுப்பினேன். அதை அவள் வீட்டில் உட்கார்ந்து, தானே சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு மாதம் கேட்டாள்.

பிறகு ஒரு ஞாயிறு தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். பஸ்ஸில் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்து, விரலால் தொட்டுவிட்டு, அடுத்ததற்குப் போனாளாம். ஒரு துளிகூட அழவில்லை என்று தங்கை வாசலிலேயே சொன்னாள். தாளில் ‘பெரியம்மா வீட்டில் நாற்பது நிமிடம்’ என்று எழுதியிருந்தேன். நாற்பது நிமிடம் ஆனதும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கலாம் என்று அவர்கள் போன பிறகு தோன்றியது.

அதே முறையில் மதுரைக்கும் தாள் செய்தோம். அந்த வழியெல்லாம் நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை படம் எடுத்துக் கொடுத்தார், நான் வரிசைப்படுத்தி எழுதினேன். மூன்றாவது தடவையிலேயே பயணம் அமைதியாகிவிட்டது. ஒரு வருடம் இப்படிப் போனது. ஞாயிறுதோறும் நான் போவேன், இல்லையென்றால் அவர்கள் வருவார்கள். குழந்தை என்னிடம் அதிகம் பேசமாட்டாள். நான் உள்ளே வந்ததும் துவைக்கத் துணி இருக்கிறதா என்று அவள் அம்மாவிடம் கேட்பாள்.

கோயம்புத்தூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் ஒன்று இருப்பதாக மதுரையில் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கும் அங்கே வேலை கிடைத்தது. குழந்தை இப்போது நீண்ட தூரம் பயணம் செய்கிறாள், புது இடத்துக்குப் பழக்கிவிடலாம் என்று அவர்களுக்கு நம்பிக்கை வந்திருந்தது. தங்கை என் கையைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

“எல்லாம் ஒன்னாலதான் அக்கா. நீ இல்லன்னா எங்களால இந்த ஊரத் தாண்டியிருக்க முடியாது.”

சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் சரி என்றேன். கோயம்புத்தூருக்கும் ஒரு தாள் வேண்டும் என்றாள். அதற்கும் சரி என்றேன். வீடு காலி செய்வது, சாமான் வண்டி, கார், எங்கே நிறுத்துவார்கள், புது வீட்டில் எந்த அறை அவளுக்கு. முப்பத்தோரு வரி வந்தது. அதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் நீளம். ஒரு வாரம் மில் முடிந்து வந்து அதையே செய்துகொண்டிருந்தேன்.

அவர்கள் கிளம்பிய காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். சாமானெல்லாம் முந்தின நாளே போய்விட்டது. காலி வீட்டில் குழந்தை தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். செருப்பு மாட்டவேண்டும். மாட்டினாள். பாத்ரூம் போகவேண்டும். போய் வந்தாள். தண்ணீர்ப் பாட்டில், காதடைப்பான், நீலப் போர்வை. காரில் இடது பக்க ஜன்னலோரம். நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் காரில் ஏறி உட்கார்ந்து அடுத்த வரியைத் தொட்டாள். பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லிவிட்டு வா என்று தங்கை அதட்டினாள். குழந்தை தாளை மேலிருந்து கீழே தேடிப் பார்த்தாள். அது அதில் இல்லை. முப்பத்தோரு வரியில் நான் அதை எழுதவில்லை. அவள் முகம் சுருங்க ஆரம்பித்தது.

“வேண்டாம். விடு. நேரமாகுது, கெளம்புங்க” என்றேன்.

கார் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நீங்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். ஏழு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறேன், நீங்கள் வந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெரியம்மா இருப்பதே தெரியாது என்றார்.

கோயம்புத்தூரில் அவளுக்குச் சரியாக இருக்கிறது. முதல் வாரம்தான் கஷ்டப்பட்டாள் என்று தங்கை சொன்னாள். எனக்கும் குழந்தைக்கும் போனில் பேசப் பிடிக்காது. அவள் படம் அனுப்புவாள். பெரும்பாலும் கதவுகள், மின்விசிறிகள். நான் லேபிலிருந்து நூல் கண்டுகளைப் படம் எடுத்து அனுப்புவேன். தங்கை ஒவ்வொரு மாதமும் எப்போது வருகிறாய் என்று கேட்கிறாள். ராஜபாளையத்திலிருந்து மதுரை, அங்கிருந்து கோயம்புத்தூர், இரண்டு பெரிய பஸ் ஸ்டாண்டுகள், ஏழு எட்டு மணி நேரம். அதை எத்தனை துண்டாக்குவது என்று நோட்டில் கோடு போட்டுப் பார்த்திருக்கிறேன். வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நாள் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்காமல் மதுரை ரோட்டில் அடுத்ததாக வருகிற கிருஷ்ணன்கோவில் வரை போகிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. இறங்கி, ரோட்டோரக் கடையில் ஒரு டீ வாங்கிக் குடிக்கிறேன். சூடாக இருப்பதால் ஊதி ஊதிக் குடிக்கப் பத்து நிமிடம் ஆகும். மதுரைக்குப் போகிற பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று போகும். ஏறுகிறீர்களா என்று கண்டக்டர்கள் கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து, திரும்பி வருகிற பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நிற்பேன்.